இரண்டு மீட்டர்

தோத்காவின் இரும்புக் கடையில்
சங்கிலியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள்.
எவ்வளவு வேண்டும் என்றாள்.
ஒரு மாதமாக நானும்
அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சமையலறைச் சன்னலுக்கு நேரே லூபெனின் முற்றம்.
அக்ரூட் மரத்தில் ஆணி, ஆணியில் சங்கிலி,
சங்கிலியின் மறுமுனையில் ஷாரோ.
அது நடந்து நடந்து தேய்த்த வட்டத்தில்
புல் கிடையாது.
காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருக்கும்.
வட்டத்துக்கு வெளியே, மூன்றடி தள்ளி,
கொட்டகையின் நிழல்.
ஜூலை முழுக்க அந்த நிழல்
ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"நாய் சாப்பிடுகிறதா?"
வேலி வழியே ஒருமுறை கேட்டேன்.
லூபென் தலையை இடவலமாக ஆட்டினான்.
எங்கள் நாட்டில் அதற்கு ஆம் என்று அர்த்தம்.
தண்ணீர்ச் சட்டியில் பாசியும்
செத்த குளவி ஒன்றும் இருந்தன.

கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எளிது.
என் வாசல் பனியைக் கேட்காமலே வாரிப் போட்டவன்.
என் கணவரின் சவப்பெட்டிக்கு
இடது முன்பக்கம் தோள் கொடுத்தவன்.
அந்தத் தோள்மேல் நகராட்சிக்குப் புகார் எழுத
நான்கு தாள் கிழித்தேன்.
ஐந்தாவதில் தேதி மட்டும் இருக்கிறது.

பிராங்க்பர்ட்டிலிருந்து மகள் சொன்னாள்:
"அம்மா, போலீசைக் கூப்பிடு."
அங்கே பக்கத்து வீட்டில் யார் என்று அவளுக்குத் தெரியாது.
இங்கே போலீஸ்காரன் லூபெனின் மைத்துனன்.

இரவில் எழுந்து கணக்குப் போட்டேன்.
ஒரு மீட்டர் என்றால் நிழலின் ஓரம்தான்,
மூக்கு மட்டும் குளிரும்.
மூன்று என்றால் வேலியைத் தாண்டிக் குதித்து
அந்தப் பக்கம் தூக்கில் தொங்கும்.

வியாழக்கிழமை
அவன் தர்பூசணி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனபின்
வேலிக் கதவைத் திறந்தேன்.
அறுபத்தொரு வயதில் திருடி.
ஷாரோ குரைத்திருக்கலாம். குரைக்கவில்லை.
கழுத்தில் மயிர் உதிர்ந்த இடம்
பட்டையைப் போலவே வழவழவென்றிருந்தது.
அவிழ்த்துவிட்டிருக்கலாமே என்பீர்கள்.
நானும்தான் கேட்டேன்.
கை பதில் சொல்லாமல்
புதுக் கொக்கியை மாட்டி இறுக்கியது.

நான்கு நாள்.
பழைய விளிம்புவரை வரும், நிற்கும்,
இழுக்க ஒன்றும் இல்லாதபோதும்
கழுத்து தானாகப் பின்னுக்குப் போகும்,
திரும்பிவிடும்.
மிச்சச் சங்கிலி வெயிலில் கிடந்து
புத்தம் புதிதாய் மின்னி
என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஐந்தாம் நாள் காலை
லூபென் அதைச் செருப்புக்காலால் புரட்டினான்.
என் சன்னலைப் பார்த்தான்.
திரைக்குப் பின்னால் நான்
வெங்காயம் இல்லாத பலகைமேல் கத்தியைப் பிடித்திருந்தேன்.
பிறகு சட்டியை எடுத்தான், கவிழ்த்தான்,
குழாயடியில் மணல் போட்டுத் தேய்த்தான்,
நிரப்பிக் கொண்டுபோய் வைத்தான்
புல் இருக்கும் பக்கம்,
ஷாரோ போகாத பக்கம்.
மனம் இளகியா, என்னைக் குத்திக்காட்டவா,
முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மதியம் பஸ் நிறுத்தத்தில் கேட்டான்:
"தோத்கா சங்கிலிக்கு இப்போது என்ன வாங்குகிறாள்?"
"மீட்டர் ஆறு லேவா."
தலையை மேலும் கீழும் அசைத்தான்.
எங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.
எதற்கு இல்லை என்று சொல்லவில்லை.
பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது
புல்லில் ஒரு முன்னங்கால் இருந்தது.
மற்ற மூன்றும்
இன்னும் மண்ணில்.