முந்நூற்று இருபத்து நான்கு

டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
சமையலறை மேசையில் கணினியைத் திறந்து
வெயிலுக்குப் போகும் கப்பலுக்குப்
பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
அறைக்குக் கட்டியாயிற்று.
காப்பீடு வேண்டாமென்று விட்டாயிற்று.
கடைசியில் ஒரு சின்னக் கட்டம் கேட்கிறது:
பணியாளர்களுக்கான டிப்ஸை
இப்போதே கட்டுகிறீர்களா, கப்பலில் கட்டுகிறீர்களா?

தலைக்கு, நாளொன்றுக்குப் பதினெட்டு டாலர்.
இரண்டு தலை, ஒன்பது நாள்.
மின்கட்டண உறையின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்.
முந்நூற்று இருபத்து நான்கு.
பனி வாரும் இயந்திரத்தைப்
பழுது பார்க்க எடுத்து வைத்த காசும்
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"கட்டித் தொலைத்துவிடலாம், லெம்பி.
ஏப்ரலில் கப்பலேறும்போது
இந்தப் பணம் போனதே மறந்திருக்கும்" என்றேன்.
பல் பிடுங்குவதென்றால்
திங்கட்கிழமை காலையிலேயே போய் நிற்கிற ஆள் நான்.
அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.
"யாருக்குக் கட்டுகிறாய்?"
"கப்பலில் வேலை செய்பவர்களுக்கு."
"பெயர்?"

பெயர் எனக்கு எப்படித் தெரியும்.
எங்கள் அறையைப் பெருக்கப் போகிறவன்
இந்நேரம் வேறு யாருடைய அறையையோ
பெருக்கிக்கொண்டிருப்பான்.
அல்லது விடுப்பில் ஊருக்குப் போய்
மத்தியானம் வரை தூங்கிக்கொண்டிருப்பான்.
முகம் பார்க்குமுன் நன்றி சொல்வது
எனக்கும் நெருடலாகத்தான் இருந்தது.
வேலை சரியில்லையென்றால்?
காப்பி ஆறிப்போய் வந்தால்?
காசு நம் கையில் இருந்தால்தானே
கொடுக்காமல் இருக்கவும் முடியும்.
இதை வாய்விட்டுச் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

லெம்பி குழாயை மூடினாள்.
இருபத்திரண்டு வருடம்
ஏரிக்கரைச் சாலை மோட்டலில் அறை துடைத்தவள்.
பதினான்காம் எண்ணில் ஒருவர்
வந்த அன்றே பத்து டாலரை நீட்டினாராம்.
அந்த வாரம் முழுக்க
அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம்
முதுகு தானாக வளைந்ததாம்.
எட்டாம் எண்ணில் ஒரு குடும்பம்.
போகும்போது கவனிக்கிறோம் என்று தினமும் சொல்லி,
தினமும் கூடுதலாகத் துண்டு கேட்டு,
ஞாயிறு விடியுமுன்
சாவியை மட்டும் தொலைக்காட்சி மேல் வைத்துவிட்டுப்
போய்விட்டார்களாம்.

"ஆறு நாள் சிரித்தேனே, ஆர்விட்,
அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?"

நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தும்
எட்டாம் எண்ணை எனக்குத் தெரியாது.
அந்த ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்தபோது
நான் எங்கே இருந்தேன்?
மீனுக்காகப் பனியில் துளை போட்டுக்கொண்டு
அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பேன்.

ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு
என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.
பொடி எழுத்துகளையும் விடாமல் படித்தாள்.
"அடுப்படியில் தட்டுக் கழுவுகிறவனுக்கும்
பங்கு போகுமாம். அவனை நாம் பார்க்கவே போவதில்லை."
"கம்பெனி ஒழுங்காகக் கொடுக்குமா?"
"அது தெரியாது.
ஆனால் கட்டிவிடு.
கட்டிவிட்டால் அந்தப் பையன்
நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.
தலை வலிக்கிற நாளில்
தலை வலிக்கிற முகத்தோடேயே வரலாம்."

பொத்தானை அழுத்தினேன்.
நன்றி, என்றது திரை.
யார், யாருக்கு என்று சொல்லவில்லை.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக,
"கடைசி நாள் காலையில்
விரிப்பையெல்லாம் நாமே உருவி
ஒரு தலையணை உறைக்குள் திணித்து வைத்துவிடலாம்.
உள்ளே எதையும் விட்டுவிடாதே.
போன தடவை அப்படித்தான்
உன் மூக்குக்கண்ணாடி போயிற்று."