ஏசியை நிறுத்திவிட்டு

முஹர்ரக்கில் ஒரு பழைய வீடு.
மேல்மாடியில் கம்ப்ரஸர் செத்துக் கிடந்தது.
பார்க்கப் போன எனக்கு ஒரு தினார் டிப்ஸ்,
கூடவே குப்பைக்குப் போகவிருந்த அட்டைப்பெட்டி.
"மாமனாரின் சாமான். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்"
என்றாள் வீட்டுக்காரி, போனிலிருந்து கண் எடுக்காமல்.

பதினொரு தட்டுகள், நான்கு உடைசல்.
ஒன்றின்மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.
வினைல் இல்லை, அரக்கு.
நகத்தால் சுண்டினால் பீங்கான்,
கை தவறினால் அப்பளம்.

இந்தப் பைத்தியம் பிடித்து ஆறு வருஷம்.
வெள்ளிக்கிழமை காலை ஈசா டவுன் சந்தையில்
ஒற்றை ஷூக்களுக்கும் பழைய மிக்ஸிகளுக்கும் நடுவே
குந்தி உட்கார்ந்து உறைகளை முகர்வேன்.
பூஞ்சை வாசனைக்குக் கால் தினார் குறையும்.
சம்பளம் நூற்று நாற்பது, ஊருக்கு நூறு,
மிச்சத்தில் சோறு,
மிச்சத்தின் மிச்சத்தில் ஊசி.

காலித் பூகம்மாஸ் சுங்கத்தில் வேலை பார்க்கிறான்.
என் வயதுதான், இரண்டாயிரம் தட்டு வைத்திருக்கிறான்.
அவன் சொல்வது இது:
முப்பதுகளில் இங்கே ஸ்டூடியோ ஏது?
கம்பெனிக்காரன் பெட்டிகளோடு கப்பலில் இறங்கி
பேரீச்சைக் கிடங்கின் மாடியில் அறை பிடிப்பான்.
சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, ஜன்னலுக்குக் கோணி.
விசிறி இரைச்சல் மெழுகில் ஏறிவிடும்,
பாட்டு தொடங்குமுன் விசிறி நிற்கும்.
மெழுகு வெயிலில் இளகிவிடும்,
மீன் படகிலிருந்து பனிக்கட்டி வரும்.
கைதட்டுகிறவர்களைக் கதவோரம் தள்ளிவிட்டு
ஊத் வாசிப்பவனை மைக் அருகே இழுத்து
மூன்று நிமிடம்.
தும்மினால் தட்டு போச்சு.

சல்மாபாத் கேம்ப், ஆறு கட்டில் அறை.
ஏழாவது தட்டுக்கு ஏசியை நிறுத்தினேன்.
"ஏசி மெக்கானிக் ரூம்ல ஏசி கிடையாதாடா?"
மேல்கட்டிலிலிருந்து தேவசகாயம்.
"மூணே நிமிஷம்ணே."

எழுபத்தெட்டு சுற்று.
முதலில் எண்ணெயில் வடை போட்ட சத்தம்.
பிறகு ஊத், பிறகு ஓர் ஆண்குரல்.
பெயர் தெரியாது, லேபிளை எலி தின்றிருக்கிறது.
கடலைப் பற்றியதா கடனைப் பற்றியதா
என் அரபி அவ்வளவு தூரம் போகாது.

பாட்டு முடிந்தும்
மெழுகை நிறுத்த மறந்த இரண்டு விநாடி.
அதில், மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி,
யாரோ ஒருவன்
"இரு"
என்கிறான்.

மறுபடி போட்டேன்.
தேவசகாயம் இறங்கி வந்தார், பனியனைப் பிழியலாம்.
இன்னொரு தடவை என்றார்.
"நம்ம ஆளுதான். திருநெல்வேலிப் பக்கம்."
ஒற்றைச் சொல்லில் ஜில்லா கண்டுபிடித்த மனிதர்!

காலித்துக்குப் பதிவு செய்து அனுப்பினேன்.
மூச்சு, என்று பதில் வந்தது. அல்லது இருமல்.
எதுவானாலும் பழுது,
சுத்தமான பிரதிக்கு அறுபது தினார்,
இதற்குப் பதினைந்து தரலாம்.

யாரிடம் சொன்னான்?
விசிறியைப் போடக் கை நீட்டிய பையனிடமா?
கரைந்த பனி மெழுகுப் பெட்டிப் பக்கம் ஓடியதா?
கம்பெனிக்காரனுக்குத் தமிழ் வந்திருக்காது.
ஆகவே அந்த அறையில்
சொல்ல ஒருவன், கேட்க ஒருவன்.

எஃகு ஊசி.
போடும்போதெல்லாம் பள்ளத்தைக் கொஞ்சம் தின்னும்.
நூறு தடவை தாங்குமா, தெரியவில்லை.
அதிகம் போடக்கூடாது என்று
தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

பதினைந்து தினாருக்கு இன்னும் பதில் போடவில்லை.
இரவு பத்தரைக்கு யாராவது ஒருவர்
"போடேன்" என்கிறார்.
நேற்று பக்கத்து அறை வெல்டர் வந்தார்.
தமிழே தெரியாத கர்னூல் டிரைவரும்
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.
ஏசி நிற்கிறது. வெளியே நாற்பது டிகிரி.
எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பாட்டு எப்போது முடியும் என்று காத்திருக்கிறோம்.

பாடினவருக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.
நல்ல குரல், பாவம்.