தொங்கு துளி

நாலாவது முறை பிரித்து நட்டபோது
அவை மறந்திருந்தன.
உயிர் இருந்தது, பெருக்கம் இருந்தது.
தட்டின் அடியில் தட்டையாய்ப் படுத்து
இளஞ்சிவப்பு ஊட்டநீரை மஞ்சளாகும்வரை தின்றன.
மயிரை முளைக்கச் சொல்லும் அந்த ஒரு சொல்
மட்டும் காணோம்.
சாயம் ஊற்றினோம். நீலம் பிடிக்கவில்லை.

கொறைரா, கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க்.
பின்னந்தலைக் கட்டியை வெட்டியபோது மிஞ்சிய தோல்
பெருவிரல் நகமளவு.
சம்மதப் பத்திரத்தில் நான் எழுதியது மயிர்.
நெறிமுறைக் குழு கேசம் என்று திருத்தியது.
கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்டார்:
"மயிருக்குத்தானே, மிஸ்?"

பிறகு தலைகீழாக்கினோம்.
மூடியின் உட்புறம் இருபது மைக்ரோலீற்றர் துளிகள்,
துளிக்கு மூவாயிரம் கலங்கள்.
திருப்பி மூடினால்
தரை இல்லை.
பிடிக்க ஒன்றுமில்லாமல்
ஒன்றையொன்று பிடித்தன.

இரண்டாம் இரவு பொரளையில் மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி நின்றுவிட
நுஸ்ஹா இன்கியூபேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து
என்னைக்கூடத் திறக்கவிடவில்லை, நாற்பது நிமிடம்.
கீழே மழைக்குள் ஒரு கண்டக்டர்
கடுவெல கடுவெல என்று
யாருமில்லாத தரிப்பிடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விண்ட் வெளியே நின்று தட்டும்.
உள்ளே பீற்றா-கற்றெனின்,
மற்ற நாட்களில் பிறந்த கையோடு கிழித்தெறியப்படும் கடிதம்,
அன்று மட்டும் தப்பிக்
கருவுக்குள் போகும்.
இவ்வளவுதான் நினைவு வருவது என்பது.
நாற்பத்தெட்டுத் துளியில் பதினொன்று நீலம்.
நுஸ்ஹா இரண்டு தடவை எண்ணினாள்,
நான் மூன்று.

வெள்ளிக்கிழமை கொறைராவின் அழைப்பு.
"என்ர தோல் இன்னும் சீவிக்குதோ?"
ஓம், தலைகீழாய்த் தொங்குது என்றேன்.
சிரித்தார். பின்னால் ஒரு கிரேன் சத்தம்.
முதலில் எலிக்கு, உங்களுக்கு வர
வருசங்கள் ஆகலாம், வராமலும் போகலாம்.
"பரவாயில்லை, மூத்தவனுக்கும் நெற்றி ஏறுது."

தொங்குவது சாயமிடாத மற்றத் தட்டு.
நீலம் பார்க்க முதலில் கொல்ல வேண்டும்,
மறந்ததையும் மறக்காததையும் சேர்த்தே.
அதை அவர் கேட்கவில்லை.
போனை வைத்துவிட்டுக் கையுறை மாட்டினேன்.
பிளீச், பத்து நிமிடம்,
பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு
சிங்கில்.