மறு எடை

செக்காலை ரோட்டு டாக்டர் சொன்னது
கீழ்த்தாடை மட்டும், ஐந்து மில்லிமீட்டர், பின்னால்.
மதுரை டாக்டர் சொன்னது
இரண்டு தாடையும்.
மேலது முன்னால் மூன்று, கீழது பின்னால் நான்கு,
"பிறகு மோவாயைப் பார்த்துக்கலாம்."
யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை.
இருபத்தாறு வருடமாக
நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதுவயலில் எனக்கு எடைமேடை வேலை.
நெல் லாரி ஏறும், எண் எரியும், சீட்டுக் கிழியும்.
இறக்கிவிட்டு வெறும் லாரி ஏறும்,
இன்னொரு எண், இன்னொரு சீட்டு.
கழித்தால் நெல்.
எழுபது கிலோ இடித்தால் சந்தியாகு அண்ணன்
வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றச் சொல்வார்.
"டிரைவர் உள்ள உக்காந்திருந்தானா, பாரும்மா."
நெல்லுக்கு இவ்வளவு.
என் எலும்புக்கு
ஒரே ஒரு தடவைதான் அளந்தார்கள்.

கம்பி மாட்டிப் பதினெட்டு மாதம்.
சரியாக்கும் முன்னால் கெடுக்க வேண்டும் என்றார்கள்.
முந்தி வளர்ந்த தாடைக்கு ஈடுகொடுத்து
மேற்பல் வெளியே, கீழ்ப்பல் உள்ளே
தாமாகச் சாய்ந்து சமாளித்திருந்தனவாம்.
அந்தச் சமாளிப்பை முதலில் எடுக்க வேண்டுமாம்.
எடுத்தார்கள்.
இப்போது கீழ்வரிசை முன்னால் வந்து நிற்கிறது,
முதல் பந்திக்கு இடம் பிடிக்கிறவன் மாதிரி.
நூலைக்கூடக் கத்தரிக்கோலால்தான் அறுக்கிறேன்.
தீபாவளிக்கு வந்த சீப்புச் சீடை ஒன்றை
ஓரப் பல்லுக்குத் தள்ளித் தள்ளித் தின்பதற்குள்
டிவியில் ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது.
பாதி வழியில் இறங்க
இந்த பஸ்ஸுக்கு நிறுத்தம் இல்லை.

ஆலையில் கேட்கிறார்கள், அழகுக்கா என்று.
கொய்யாப்பழத்துக்கு என்றேன்.
பாதி உண்மை.
மீதி, பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ.
கானாடுகாத்தானில் சிநேகிதி கல்யாணம்,
எல்லாரும் சிரிக்க நான் மட்டும்
சண்டைக்குப் போகிறவள் போல் நிற்கிறேன்.
அன்று எனக்கு யார்மேலும் கோபமில்லை.

ஆறு வாரம் கஞ்சித் தண்ணீர்.
அரிசி ஆலைக்காரிக்கு அதில் பயமில்லை.
கீழுதடு மரத்துப்போகலாம் என்கிறது ஒப்புதல் படிவம்,
பெரும்பாலும் தற்காலிகமாக.
அந்தப் 'பெரும்பாலும்' மேல்
விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
உதடு சேராமல்
அம்மா என்று சொல்ல முடியாது.
அப்பா என்றும்.
போடா என்றும்.
மூன்றையும் சொல்லிப் பார்த்தேன், ராத்திரி, சத்தமில்லாமல்.
மூன்றாவது நன்றாக வந்தது.
பிறகு வாயை மூடினேன்.
மூடிய இடம் கொஞ்சம் நகர்ந்தது.

பெ. செல்வமீனா, வயது 26.
பெயர் அச்சாகிவிட்டது, கையெழுத்து இடம் காலி.
வெள்ளிக்கிழமை தேதி.

செவ்வாய் மத்தியானம், இரண்டு லாரிக்கு நடுவே
மதுரைக்கு போன் போட்டேன்.
"மேடம், அன்னைக்கு மெழுகைக் கடிக்கச் சொன்னீங்கல்ல,
எனக்கு வசதியான இடத்துல கடிச்சிட்டேன்.
வாய்க்குள்ள ரெண்டு இடம் இருக்கு.
தளர விட்டா ஒண்ணு.
நாலு பேரு பாக்கையில நானே தள்ளி வச்சுக்கிறது ஒண்ணு.
நீங்க அளந்தது எதைன்னு தெரியல."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.
"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"
"நேத்துதான் தெரிஞ்சது."
இன்னும் கொஞ்சம் காகிதம்.
"வியாழக்கிழமை வாங்க. திரும்ப அளந்திடுவோம்.
நம்பர் மாறலாம். தேதியும்."

எந்தப் பக்கம் மாறும் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் மேடையில் லாரி ஏறிவிட்டது.
எண் மேலும் கீழும் நடுங்கியது.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
நின்றது.
கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர்
ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இறங்கச் சொன்னேன்.