பற்றுச்சீட்டுப் புத்தகம்

அந்தூரியத்தைச் சாடி மாற்றத் தூக்கியபோது
வேரடியில் சவ்வரிசி.
யாரோ சமையலுக்கு வைத்ததைச் சிந்திவிட்டார்கள் என்று
ஒரு கணம் நினைத்தேன்.
யூடித் ஈர்க்கால் தள்ளித் தள்ளி எண்ணினாள்:
நூற்றிப்பதினாறு.
"அண்ணை, இது முட்டை."

வைகாசியில் குருநாகல் பக்கத்து லொறியில் வந்த
அறுநூறு பைகள்.
தும்புச்சோறு மலிவு,
ஒன்றையும் கிளறிப் பாராமல் இறக்கினேன்.
ஆடி முடியமுன் விற்றுத் தீர்ந்தது,
இந்த ஓர் அந்தூரியம் தவிர.
அந்த லாபத்தில்தான்
தங்கச்சியின் மகளுக்குச் சைக்கிள் வாங்கினது.

உரும்பிராயில் நாற்றுமேடைக்காரர் கூட்டம்.
விவசாயப் போதனாசிரியர் படம் காட்டினார்:
உள்ளங்கை அகலத்தில் ஆபிரிக்க நத்தை.
ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்பு வேணும், என்றார்.
ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுகிற ஊர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பின்வரிசையிலிருந்து சபாநாதபிள்ளை கேட்டார்:
"பொலித்தீன் பை விலை ஏறினதைக் கதைக்க மாட்டீங்களோ?"
அவருக்குக் கை தட்டினோம்.
நானும் தட்டினேன்.
என் சட்டைப்பையில், தீப்பெட்டிக்குள்,
ஆறு முட்டை இருந்தன.

இரவு பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்தேன்.
கடன்காரரைத் தேட மட்டுமே திறக்கிற புத்தகம்.
கார்பன் நீலத்தில் என் கையெழுத்து:
கோண்டாவில், செவ்வரத்தை பன்னிரண்டு.
இணுவில், தேமா நாலு, நித்தியகல்யாணி இருபது.
நீர்வேலி, வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்து வீடு,
குறோட்டன் முப்பது.
அங்கே விரல் நின்றது.
வீடு கண்டுபிடிக்க அடையாளமாக எழுதின
வாழைத்தோட்டம்.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்கிறது.
இருட்டின பிறகுதான் அவை வெளியே வரும்.
நெற்றியில் ரோச், கையுறை,
வாளி நிறைய உப்புத் தண்ணீர்.
உப்பை நிலத்தில் கொட்டாதே என்று
யூடித்துக்குச் சொல்லத் தேவையில்லை.
புரட்டாதியில் எங்கள் கிணறு கரித்தபோது
கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றுகளின் இலைநுனி கருகியதை
முதலில் கண்டவள் அவள்தான்.

"என்ன தம்பி, காசு நிலுவையோ?"
படலை திறந்த எல்லாரும் அதையே கேட்டார்கள்.
"இல்லை. நான் தந்ததைத் திருப்பி எடுக்க வந்தனான்."
கோண்டாவிலில் தேத்தண்ணி தந்தார்கள்.
இணுவிலில் கண்டு முழுவதையும் பிடுங்கி
மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டுக்
காசைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தேன்.
கொக்குவில் ரீச்சர் குனிந்து பார்த்து,
"சங்கு மாதிரி வடிவாயெல்லே கிடக்கு" என்றா.

நீர்வேலியில் முப்பத்தெட்டு.
வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும்.
அந்தப் பக்கம் ரோச்சைத் திருப்பவில்லை.
நாளைக்குப் பகலில் வந்து
வாழைக்காரரிடம் சொல்ல வேண்டும்.
எப்படித் தொடங்குவது என்று
வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.
யூடித் பின்னாலிருந்து திருத்தினாள்.

அரியாலையில் கேற் பூட்டு.
உள்ளே புல்தரை, கல் பதித்த நடைபாதை.
தண்ணீர் விடுகிற பெடியன் பகலில் மட்டும்.
ரொறன்ரோவுக்கு அழைத்தேன். அங்கே முற்பகல் பதினொரு மணி.
"புல்லுப் பச்சையா நிக்குதோ? கமெராவைத் திருப்பும்."
திருப்பினேன்.
புதிதாய் வெள்ளையடித்த மதிலில்
ஒரு பதினைந்து இருபது,
அவசரமில்லாமல்
சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றபடி.
"மதிலில என்ன டிசைன் அது?" என்றார்.

புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே
பூட்டு என்று எழுதினேன்.
இன்னும் பதினேழு சீட்டு.
அதில் இரண்டு நனைந்து, மை பரவி,
ஊர்ப்பெயரே தெரியவில்லை.

விடிய ஐந்தரைக்கு லொறிக்காரன்:
"ஓமந்தை தாண்டியிட்டன். வழமையான இடத்திலயோ இறக்கிறது?"
"இல்லை. கேற்றுக்கு வெளியில, சீமெந்துத் தரையில."
"நானூறையுமோ?"
"நானூறையும்."
யூடித் வெள்ளைச் சாக்கை விரித்து
நாலு மூலையிலும் கல் வைக்கிறாள்.
முதல் பையைக் கீறிக் கவிழ்க்கிறேன்.
லொறிக்காரன் மணிக்கூட்டைப் பார்க்கிறான்.
மண்ணை விரலால் பரவி
இருவரும் குனிகிறோம்.