வெள்ளி, 14.40

படகு இலவசம்.
டிரெய்லரில் ஏற்றிவந்து இறக்கிய தாவ்னோ
முந்நூறு யூரோ வாங்கிக்கொண்டான்.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

ஆறு மீட்டர் ஃபைபர்கிளாஸ்.
எழுபத்து நாலில் வார்த்தது.
ராஹேயில் எங்கள் வீட்டு பிர்ச் மரத்தடியில்
நான்கு கட்டைகள்மேல் உட்கார்ந்து
தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.
எதிர்வீட்டு ஸிர்க்கா கேட்டாள்:
இது எப்போது போகும்?

பகலில் நான் பல் செய்கிறவள்.
யார் யார் வாய்க்குள்ளோ போகப்போகும் பீங்கானை
அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத் தேய்ப்பவள்.
இதுவும் ஒரு பல்தானே என்று நினைத்துவிட்டேன்,
கொஞ்சம் பெரிய பல்.

சின்னச் சுத்தியலால் மேல்தளம் முழுக்கத்
தட்டித் தட்டிக் கேட்டேன்.
டக். டக். டக்.
பாய்மரத்தடியில் மட்டும்
தொப்.
அறுத்துத் திறந்தால் உள்ளே பால்ஸா மரம்
பாலில் ஊறிய ரொட்டியாய்
கரண்டியோடு வந்தது.

அடிவயிற்றில் கொப்புளங்கள்.
ஒன்றைக் குத்தினேன்.
கெட்டுப்போன ஊறுகாய் ஜாடியின் காடி வாசம்,
ஐம்பது வருடக் கடல்
மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கைவரை வந்தது.
எண்ண ஆரம்பித்தேன்.
இருநூற்றுப் பதினொன்றில் நிறுத்தினேன்.

ஜூன் முழுக்க உப்புத்தாள்.
இரவென்று ஒன்று வராத மாதம்,
எப்போது நிறுத்துவது என்று
வெளிச்சம் சொல்லாது, தோள்பட்டைதான் சொல்லும்.
கண்ணாடித் தூசி தோலில் ஏறிய நாளில்
சவுனாவுக்குப் போகக் கூடாது
என்பதைச் சவுனாவுக்குப் போய்த்தான் கற்றேன்.

ஆகஸ்டில், முன்பக்கப் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கி
சாம்பல் பெயின்டைச் சுரண்டுகையில்
பென்சில் எழுத்து:
வெள்ளி, 14.40.
பக்கத்தில், ரெசினில் பதிந்து அப்படியே உறைந்துபோன
ஒரு கட்டைவிரல்.

அந்த இடத்தில் மூன்று அடுக்குக்குப் பதில் ஒரே அடுக்கு.
வெளியிலிருந்து ஹில்ப்பா டார்ச் அடித்தாள்.
உள்ளே என் முகம் மஞ்சளானது.
அவசரக் கோலம், அள்ளித் தெளித்திருக்கிறார்கள்.

யார் நீ?
எந்தப் பஸ்ஸுக்கு ஓடினாய்?
இருபது நிமிஷம் பொறுத்திருந்தால் என்ன?
ஒரு வாரம் இப்படித் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஆளை
இவ்வளவு நேரம் நான் நினைத்ததில்லை.

செப்டம்பர். பதினொரு டிகிரி.
பதினைந்துக்குக் கீழே ரெசின் இறுகாது.
டப்பாக்களைச் சவுனாவின் கீழ்ப்பலகையில்
விருந்தாளிகளைப் போல உட்கார வைத்தேன்.
ஹாக்கிப் பயிற்சி முடிந்து ஹில்ப்பா காத்திருப்பாள்,
நாலரை மணி, கார்ச் சாவி பல்லுக்கிடையில்,
ஹார்டனரை அளக்கவில்லை,
கண்பார்வைக்கு ஊற்றினேன்.

குவளை புகைந்தது.
பிளாஸ்டிக் நெளிந்தது.
வெளியே வீசினேன்.
விழுந்த இடத்தில் இன்றைக்கும் புல் இல்லை.
உள்ளே இறுகிய மஞ்சள் கட்டி
சமையலறை ஜன்னலில் இருக்கிறது,
மின்கட்டண ரசீதுகள் பறக்காமல்.
ஹில்ப்பா பஸ்ஸில் வந்தாள்.
பேசவில்லை.

மறுநாள் அளந்தேன். சொட்டுச் சொட்டாக.
மெல்லிய இடத்தின்மேல் கண்ணாடித் துணி,
ஒன்று, இரண்டு, மூன்று.
துணி வெள்ளை. எழுத்தும் விரலும் மறைந்துபோயின.
சரி, போகட்டும் என்று ரோலரை உருட்டினேன்.
ரெசின் ஊற ஊற
வெள்ளை கரைந்து கண்ணாடியாகி
அடியிலிருந்து மெல்ல மேலே வந்தது
வெள்ளி, 14.40.
அப்புறம் கட்டைவிரல், ரேகை ரேகையாக.
அதற்குமேல் பெயின்ட் அடிக்கவில்லை.

இப்போது வளைகுடா உறைந்துவிட்டது.
படகு தார்ப்பாய்க்குள்.
பெயர் வைக்கவில்லை.
எந்த நாளில் இறக்கினாலும் வெள்ளிக்கிழமை வேண்டாம்
என்கிறான் தாவ்னோ, அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஸிர்க்கா கேட்பதை நிறுத்திவிட்டாள்.
நேற்று பனியில் நடந்து வந்தாள்,
கையில் பேரனுடைய சறுக்குவண்டி, நடுவில் விரிசல்:
இதையும் கொஞ்சம் பார்க்கிறாயா?

அது பாலிதீன். ரெசின் ஒட்டவே ஒட்டாது.
வாங்கி
படகுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.