எட்டாவது தடம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
எட்டாவது தடம் என்னுடையது.
வண்டிகள் வரும் திசையில்
இதே சாலையைப் பிடித்துப் போனால்
ஸ்ரீநகர் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும் என்று
தீர்த்தகிரி அண்ணன் சொன்ன நாளிலிருந்து
வடக்கு எனக்குத் தெருக்கோடி மாதிரி ஆகிவிட்டது.

ஃபாஸ்டாக் வந்தபின் யாரும் நிற்பதில்லை.
ஒட்டுத்தாள் கிழிந்தவன், கணக்கில் காசில்லாதவன்
கைஸ்கேனரை நான் நீட்டும் வரை நிற்பான்.
ஜே.கே. என்று நம்பர் தகடு தெரிந்தால்
கொஞ்சம் மெதுவாக நீட்டுவேன்.
குற்றமென்றால் குற்றம்.
அந்த அரை நிமிடத்தில் கேட்பேன்,
"கோன்சா மஹீனா அச்சா?"
ஏரியைப் பார்க்க எந்த மாதம் நல்ல மாதம்?

அக்டோபர், என்றார் ஆப்பிள் லோடு மன்சூர்.
சினார் இலை சிவந்து தண்ணீரில் விழுமாம்.
"பார்த்துப் பதினோரு வருஷமாச்சு.
அக்டோபரில் நான் இங்கேதானே இருக்கிறேன்?"

ஏப்ரல், என்றார்கள் பெங்களூரில் விமானம் இறங்கி
ஊர் திரும்பிய சேலத்துப் புதுஜோடி.
துலிப் பூக்கும் என்று போட்டோ காட்டினார்கள்.
போட்டோ முழுக்க அவர்கள் இருவரும்தான்.

பர்கூர்க்கார ராணுவத் தம்பி
"லீவு கிடைக்கிற மாசம்தான்க்கா" என்று சிரித்தான்.
அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஜனவரியில் ஏரியே உறைந்துவிடும் என்ற கிளீனர் பையன்
படகைச் சுற்றிப் பனியைக் கோடரியால் வெட்டிய
தன் மாமாவின் கதையை ஆரம்பித்தான்.
கேட் தூக்கிக்கொண்டது.
மீதிக் கதை தொப்பூர் கணவாயில் இறங்கிப் போயிற்று.

ஆளுக்கொரு மாதம்.
எனக்கு ஏப்ரல் ஆகாது, கோடைக் கூட்டம்.
மே, ஜூனில் மாங்காய் லோடு.
கூழ் ஆலையில் சென்றாயனுக்கு இரண்டு ஷிப்ட்,
வீட்டுக்கு வந்தாலும் அவன் சட்டையில் ஈ மொய்க்கும்.
ஜூலையில் பிள்ளைக்கு ஃபீஸ்.
ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற வண்டிகள்.
அக்டோபரில் தீபாவளி வந்துவிடும், இல்லாவிட்டால்
வரப்போகிறது என்பார் சூப்பர்வைசர்.
பொங்கலுக்குப் பெங்களூரே காலியாகி
என் ஜன்னல் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.
மிச்சம் பிப்ரவரி.
பிப்ரவரியைப் பற்றி மட்டும்
இதுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.
பாவம், அந்த மாதத்திலும் அந்த ஏரி
அங்கேயேதானே இருக்கும்?

சேர்த்து வைத்த விடுப்பு பன்னிரண்டு நாள்.
காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதி
தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.
சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.

நேற்று ராத்திரி இரண்டு இருபதுக்கு மன்சூர்.
டாக் வேலை செய்யவில்லை என்றார்.
வேலை செய்ததோ என்னவோ.
ஜன்னல் விளிம்பில் ஓர் ஆப்பிளை வைத்துவிட்டு
அவர் கேட்டார்:
"வீட்டில் அவளும் ஒருமுறை வரணும் என்கிறாள்.
உங்க ஊரில் ஒரு அணை இருக்காமே,
எந்த மாதம் நல்ல மாதம்?"

கே.ஆர்.பி. அணை. பஸ்ஸில் அரை மணி நேரம்.
ஏழாம் வகுப்பில் கூட்டிப் போனார்கள்.
மதகில் நுரை பொங்கியது,
வரிசை, வரிசை என்று ஸ்டெல்லா டீச்சர் கத்தியது,
யாரோ என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது.
அதற்கப்புறம் போகவில்லை. ஏன் போகவில்லை?

மாம்பழ மாதம் எனலாம். வெயில் தோலை உரிக்கும்.
மழைக்காலம் எனலாம்.
தண்ணீர் திறந்தால் போலீஸ் கிட்டே விடமாட்டார்கள்.
பின்னால் கண்டெய்னர்காரன் ஹாரனை அழுத்திவிட்டான்.
கேட் தூக்கிக்கொண்டது.

"பிப்ரவரி" என்றேன்.
அவர் உள்ளங்கையைக் காதோரம் குவித்தார்.
"பிப்ரவரி!"
எழுந்து நின்று கத்தினேன்,
எட்டுத் தடமும் திரும்பிப் பார்க்க.